‘நடந்தால் சிரிக்கிறார்கள், நடக்காவிட்டால் குறை சொல்கிறார்கள்’

கேள்வி: எனக்கு 36 வயது. உயரம் 158 செ.மீ., எடை 84 கிலோ. மகள் பிறந்த பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. அலுவலகத்தில் நான் லிஃப்டுக்குள் நுழைந்தால் ஒருவர் ‘ஓவர்லோடு’ என்று குரல் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அக்கா பார்க்கும்போதெல்லாம் ‘இன்னும் சதை போட்டிருக்கியே’ என்பாள். கோபப்பட்டால் ‘அக்கறையிலதானே சொல்றேன்’ என்பாள். புது ஷூ வாங்கி 11 நாள் நடந்தேன். 12ஆம் நாள் பூங்காவில் இரண்டு பையன்கள் ‘பூமி அதிருதுடா’ என்று என் காதுபடச் சொன்னார்கள். அதோடு நடையை விட்டுவிட்டேன். பகலில் முடிந்தவரை பட்டினி இருக்கிறேன். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றபடியே கைக்குக் கிடைத்ததைச் சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்காகப் போன இடத்தில் டாக்டர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘முதல்ல 20 கிலோ குறைச்சுட்டு வாங்க’ என்றார். இரண்டு வருடமாக எந்த டாக்டரிடமும் நான் போகவில்லை. போன மாதம் என் ஒன்பது வயது மகள் கண்ணாடி முன் நின்று ‘அம்மா, நானும் உன்னை மாதிரி ஆயிடுவேனா?’ என்று கேட்டாள். மூன்று மாதத்தில் 20 கிலோ குறைத்து எல்லோர் வாயையும் அடைக்க ஒரு வழி சொல்லுங்கள். அது முடியாதென்றால், யார் என்ன சொன்னாலும் உறைக்காமல் இருக்கவாவது வழி சொல்லுங்கள். அந்த ஷூ இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அக்கா மகளுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன், அவளுக்கு அது பெரிதாக இருக்கும் என்றாலும்.

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். ‘நானும் சிரிப்பேன்’ என்ற இடத்தில்.

நீங்கள் கேட்ட இரண்டு வழிகளுமே என்னிடம் இல்லை. மூன்று மாதத்தில் 20 கிலோ என்றால் வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல். அந்த வேகத்தில் இறங்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும், பெரும்பாலும் போன எடை திரும்பியும் வரும். அப்படியே குறைத்தாலும் வாய் அடைபடாது. ‘என்ன, முகமே வாடிப்போச்சு, ஏதாவது நோயா?’ என்று அதே வாய் கேட்கும். உறைக்காமல் இருக்கவும் நான் சொல்லித்தரப் போவதில்லை. உறைக்கத்தான் செய்யும். சிரித்துச் சமாளித்தாலும் அந்தச் சொல் எங்கும் போய்விடுவதில்லை. உங்கள் விஷயத்தில் அது ராத்திரி சமையலறைக்கு வந்து நிற்கிறது.

இதை வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை. உருவக்கேலியின் விளைவுகளைப் பல வருடங்களாக ஆராய்ந்து வரும் அமெரிக்க ஆய்வாளர்கள் நடாஷா ஷ்வே, ரெபெக்கா பியூல், கெல்லி பிரவுனெல் மூவரும் 2011இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெண்களில் ஒரு பாதிக்குப் பருமனானவர்களைக் கேலி செய்யும் காணொளியைக் காட்டினார்கள், மறு பாதிக்குச் சாதாரணக் காணொளி. பிறகு எல்லோர் முன்னும் தின்பண்டங்கள் வைக்கப்பட்டன. எடை கூடியவர்களில், கேலிக் காணொளியைப் பார்த்தவர்கள் மற்றதைப் பார்த்தவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் கலோரி சாப்பிட்டார்கள். யாரோ முகம் தெரியாதவரைக் கேலி செய்வதைப் பார்த்ததற்கே இப்படி. தினமும் லிஃப்டில் நேரடியாக வாங்கிக்கொள்கிற உங்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

நீண்டகாலக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. இங்கிலாந்தில் 2,944 பேரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், எடைக்காகத் தங்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்று சொன்னவர்கள் சராசரியாக 0.95 கிலோ ஏறியிருந்தார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் 0.71 கிலோ இறங்கியிருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் ஆறாயிரம் பேருக்கு மேல் எடுத்துப் பார்த்ததிலும், இந்த அவமதிப்பைச் சந்தித்தவர்கள் பின்னால் உடல்பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது. ‘நாலு பேர் சொன்னாதான் அவளுக்கு உறைக்கும்’ என்று நம்புகிற அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் இதைப் படித்துக் காட்டலாம். சொல்லிச் சொல்லி யாரும் இளைத்ததாகத் தெரியவில்லை.

அந்த முழங்கால் டாக்டரிடம் வருகிறேன். அவரை நான் திட்டுவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. நான் பொது மருத்துவம் பார்க்கத் தொடங்கிய வருடங்களில், மூச்சு வாங்குகிறது, அசதியாக இருக்கிறது என்று வந்த ஒரு பருமனான அம்மாவிடம் நானும் இதையேதான் சொன்னேன். ‘எடையைக் குறைங்க, சரியாப் போயிடும்.’ சில மாதம் கழித்து வேறொரு மருத்துவர் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அந்த அம்மாவுக்குக் கடுமையான ரத்தசோகை. நான் பார்த்தது அவர் உருவத்தை, அவரை அல்ல. அந்த அம்மா அதன் பிறகு என்னிடம் வரவில்லை, வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆக, நீங்கள் டாக்டரிடம் போகாமல் இருப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் போங்கள், வேறொருவரிடம். இரண்டு வருடப் புறக்கணிப்பு அந்த டாக்டரை ஒன்றும் செய்யவில்லை, உங்கள் முழங்காலைத்தான் செய்கிறது. உள்ளே போனதும் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், வேண்டுமானால் தாளில் எழுதிக்கொண்டு போய் வாசியுங்கள்: ‘டாக்டர், இதே வலியோட ஒல்லியா ஒருத்தர் வந்தா என்னென்ன பார்ப்பீங்களோ, அதை எனக்கும் பாருங்க. எடையைப் பத்தி அப்புறம் பேசலாம்.’ நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அவரைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, அதுவும் லாபம்தான்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை உங்கள் கைக்குச் சரியான அளவா என்று கேளுங்கள். சின்னப் பட்டையைப் பெரிய கையில் இழுத்துச் சுற்றினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையை மாட்டியபோது மேல் அளவு கிட்டத்தட்ட 20 புள்ளிகள் அதிகமாகக் காட்டியது. இல்லாத ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற நிலை இப்படியும் வரும்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி, கொழுப்பு, தைராய்டு, ஹீமோகுளோபின் நான்கையும் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு மூச்சு முட்டி எழுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். நெடுநாளாகச் சாப்பிடும் மாத்திரை எதுவாக இருந்தாலும் பெயரோடு சொல்லுங்கள். ஸ்டீராய்டும், மனநோய்க்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகளும் எடையை ஏற்றும். அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, சரியா?

இப்போது சமையலறை. கடிதத்தில் இதைத்தான் நீங்கள் ஒரே வரியில் ஓட்டிவிட்டீர்கள், வெட்கத்தில் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த, உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாகவே வந்து அதில் சேர்ந்தார்கள். ஆறு மாதம் அரைவயிற்று உணவு. கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சு, நினைப்பு, கனவு எல்லாமே சாப்பாடாகிவிட்டது. சமையல் குறிப்புகளை உட்கார்ந்து வாசித்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்தபோது சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். இவர்கள் யாரும் பருமனானவர்கள் அல்ல, மனஉறுதி இல்லாதவர்களும் அல்ல. பட்டினி கிடந்த உடம்பு அப்படித்தான் செய்யும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மதியம் பேருக்குக் கொறித்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறையில் நிற்கும்போது உங்களுக்குள் நடப்பதும் அதுதான். அதை நீங்கள் ‘கட்டுப்பாடு இல்லாதவள்’ என்று படிக்கிறீர்கள். நான் ‘பகல் முழுக்கப் பசித்தவள்’ என்று படிக்கிறேன்.

அதனால் முதல் மாற்றம் உங்களுக்கு விசித்திரமாகப் படலாம்: பகலில் சாப்பிடுங்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று நேரத்துக்கு. ஒவ்வொரு வேளையும் புரதம் ஏதாவது இருக்கட்டும், பருப்போ பயறோ முட்டையோ. தட்டில் காய் பாதி இருந்தால் நல்லது. ராத்திரி பசித்தால் அப்போதும் சாப்பிடலாம். ஆனால் விளக்கைப் போட்டு, தட்டில் எடுத்து, உட்கார்ந்து. ஒளிந்து சாப்பிட்டதுதான் உங்களை அடுத்த நாள் பட்டினிக்குத் தள்ளுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அந்த இரவுப் பசியின் வேகம் குறைய வேண்டும்.

குறையவில்லை, வாரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தவே முடியாத அளவுக்குப் போகிறது, மூன்று மாதமாக இதுதான் நிலை என்றால், அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். நல்ல பலன் தரும் சிகிச்சை அது. இந்தப் பழக்கம் இருக்கும்போது எடை குறைப்புத் திட்டம் எதிலும் இறங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

தூக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை. ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறவருக்குப் பசி கூடத்தான் செய்யும். 2004இல் 12 இளைஞர்களை இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்ததில், பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் ஹார்மோனான லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. மிகச் சின்ன ஆய்வுதான். இருந்தாலும் கைக்குழந்தை வைத்திருக்கும் எந்த அம்மாவும் ஆய்வில்லாமலே இதைச் சொல்வார்.

சரி, நடை.

11 நாள் நடந்தீர்கள். 12ஆம் நாள் இரண்டு பையன்கள் ஒரு வாக்கியம் சொன்னார்கள். அதோடு முடிந்தது. என் சந்தேகம் என்னவென்றால், அந்த நடை முதல் நாளிலிருந்தே ஊர் வாயை அடைப்பதற்கான நடையாக இருந்தது. ஊர் வாய் அடைபடவில்லை என்று தெரிந்ததும் காரணம் போய்விட்டது, காரணம் போனதும் நடையும் போய்விட்டது. அவர்களுக்குப் பதில் சொல்லப் புறப்பட்ட எந்தப் பழக்கமும் அவர்கள் கையில்தான் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் அவர்கள் அதை நிறுத்திவிடலாம், ஒரு சிரிப்புப் போதும்.

வேறு காரணம் ஒன்றைப் பிடியுங்கள், அன்றைக்கே கைக்கு வருகிற காரணமாக. சாப்பிட்டபின் நடக்கும்போது தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அதற்குப் பத்து நிமிடம்கூடப் பயன்படும். நடந்த நாளில் தூக்கம் நன்றாக வரும். மனசு கொஞ்சம் லேசாகும். இவை எதற்கும் எடை இயந்திரம் தேவையில்லை. ‘இன்று எவ்வளவு குறைந்தது’ என்று பார்ப்பதற்குப் பதிலாக ‘இன்று படியேறும்போது மூச்சு எப்படி’ என்று பாருங்கள். எடை இயந்திரத்தைக் கொஞ்ச நாள் பரணில் போட்டாலும் நல்லதே.

அளவு வேண்டுமானால், உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அவர்களே எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் வரும். பூங்காவுக்குப் போக மனசு வரவில்லையா, வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கையை ஊன்றாமல், எட்டிலிருந்து பத்து முறை. தொடையின் முன்பக்கத் தசை பலமாகும், முழங்காலுக்கு அதுதான் தாங்கல். வலி கூடினால் நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள், ஒரு தலையணை போட்டால் போதும். முழங்கால் வீங்கியிருந்தால் மட்டும் முதலில் டாக்டர், பிறகு நாற்காலி.

11 நாளில் விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வு வேண்டாம். ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாளில் படிந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. நீங்கள் பழக்கம் படிவதற்குள்ளேயே கணக்கை மூடிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் எடை குறையாமல் இதெல்லாம் செய்து என்ன பயன் என்று கேட்பீர்கள். 2012இல் அமெரிக்காவில் 11,761 பேரின் தகவல்களை எடுத்து நான்கு பழக்கங்களைப் பார்த்தார்கள்: காய்கறி பழம் நிறையச் சாப்பிடுவது, தவறாமல் உடற்பயிற்சி, புகைக்காமை, மதுவில் அளவு. நான்கில் ஒன்றுகூட இல்லாதவர்களில் பருமனானவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட மிக அதிகம். நான்கும் இருந்தவர்களிடம் எடைப் பிரிவுகளுக்கிடையே இருந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. இது மக்களைக் கவனித்துச் சொன்ன முடிவு, காரணத்தை நிரூபிக்கிற வகை ஆய்வு அல்ல. அப்படியும் எனக்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் அந்த நான்கும் கையில் இருக்கிறவை.

அதற்காக எடைக்கும் உடல்நலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன். முழங்காலில் தேய்மானம் இருந்தால், உடம்பில் ஒரு கிலோ குறைவது ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் நாலு கிலோ பாரம் குறைவதற்குச் சமம். உங்கள் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம், அதாவது நாலிலிருந்து எட்டு கிலோ, மெதுவாக இறங்கினாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரியலாம். அதற்கு மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை உங்கள் அறிக்கைகளைப் பார்த்து ஒரு மருத்துவர் சொல்லட்டும். மருந்தின் உதவியை எடுத்தால் அது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கண்ணாடி போடுகிறவரிடம் ‘முயற்சி பண்ணிப் பாரேன்’ என்று நாம் சொல்வதில்லை. எடை எவ்வளவு என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தனித்தனியாக வளர்ந்த இரட்டையர்களைப் பார்த்தபோதும் அது தெரிந்தது.

இனி, பேசுகிறவர்கள்.

லிஃப்டில் நாளையிலிருந்து சிரிக்காதீர்கள். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எல்லோரும் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் சிரிக்காமல், அந்த ஆளை அமைதியாக ஒரு நொடி பார்த்துவிட்டு நின்றால் நகைச்சுவை பாதியிலேயே செத்துப்போகும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் தொடர்ந்தால், தனியாகக் கூப்பிட்டு ‘அது எனக்குப் பிடிக்கல, இனி சொல்லாதீங்க’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். விளக்கம் கொடுத்தால் விவாதம் ஆகும். அப்புறமும் நிற்காவிட்டால் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள், தேதிகளைக் குறித்து வைத்திருங்கள்.

பூங்காப் பையன்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். காதில் ஏதாவது பாட்டை மாட்டிக்கொண்டு, முடிந்தால் தோழி ஒருத்தியை அழைத்துக்கொண்டு, வேறு நேரத்தில் போங்கள். இது தோற்றுப்போவது ஆகாது.

அக்காதான் கஷ்டம், ஏனென்றால் அவருக்கு உண்மையாகவே அக்கறை இருக்கிறது. அவரோடு சண்டை போடாமல், அந்த அக்கறைக்கு ஒரு வேலை கொடுங்கள். ‘அக்கா, நீ சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் ராத்திரி ரெண்டு மடங்கு சாப்பிடுறேன். உனக்கு நிஜமாவே அக்கறை இருந்தா வியாழக்கிழமை என்னோட டாக்டர்கிட்ட வா.’ வந்தால் நல்லது. வராவிட்டால் அடுத்த முறை அவர் ஆரம்பிக்கும்போது ‘டாக்டர்கிட்ட வர்றியா?’ என்று மட்டும் கேளுங்கள்.

இந்தப் பேச்சை மகள் காதில் விழும்படியே நடத்துங்கள். ‘நானும் உன்னை மாதிரி ஆயிடுவேனா’ என்பது அவள் தானாகக் கண்டுபிடித்த பயமாக எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா சொல்வதையும், அம்மா தலைகுனிவதையும், அம்மா காலையில் சாப்பிடாததையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ‘நீ அப்படியெல்லாம் ஆக மாட்டே கண்ணு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவைப் போல ஆவது பயப்பட வேண்டிய விஷயம்தான் என்று அது உறுதி செய்துவிடும். ‘ஏன் அப்படிக் கேக்குறே, யாராவது ஏதாவது சொன்னாங்களா?’ என்று கேளுங்கள். பள்ளியில் யாராவது சொல்லியிருக்கவும் கூடும். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், தினமும். அவள் முன் உங்கள் உடம்பை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள், கண்ணாடி முன் வயிற்றை எக்கிப் பார்ப்பது உட்பட. அவள் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கியிருந்தால் மட்டும் குழந்தைகள் மருத்துவரிடம் சீக்கிரமே காட்டுங்கள்.

ஷூவை அக்கா மகளுக்குக் கொடுக்க வேண்டாம். அவளுக்குத்தான் பெரிதாக இருக்கிறதே. பெட்டியிலிருந்து எடுத்து வாசல் பக்கம் வையுங்கள். முதல் நாள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினால் போதும், மகள் கூட வருகிறேன் என்றால் அழைத்துக்கொண்டு போங்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் வந்ததும் இன்னொரு கடிதம் எழுதுங்கள், முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்களா என்பதையும் சேர்த்து.